அஞ்சு கட்டையில் இரையும் ஆம்பிளிஃபயர்

ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறை நகராட்சி நடத்தும் வாவுபலி பொருட்காட்சியில் ஒலிபெருக்கிகள் போட்டி போடும்போது, எந்த ஆம்பிளிஃபயர் உள்ளுக்குள் இரைகிறது என்று யாருக்கும் தெரியாது. ஊர் அடங்கிய பிறகு, வீட்டில் நாமே ஈயம் வைத்துச் செய்த 4440 ஐசி ஆம்பிளிஃபயரைப் போட்டால்தான் தெரியும். பாட்டு வருமுன்பே ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்திருக்கும். உடனே ஐசியை மாற்றுவதுதான் நம்மவர்கள் வழக்கம். பாவம், பெரும்பாலும் அது குற்றவாளியே இல்லை. குற்றவாளி தன் பெயரைச் சுருதியிலேயே சொல்லிக்கொண்டிருப்பான்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இந்த 50 குழித்துறைக்கு மட்டுமானதல்ல. தென்னகத்தின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அன்றிலிருந்து மலைமேல் கோதையாறு நீர்மின் நிலையத்தின் ஜெனரேட்டரும் பஞ்சாப் பக்கம் பக்ராவின் ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில்தான் சுழல்கின்றன. 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை நிறுத்த வேண்டும் என்பது விதி. உங்கள் ஸ்பீக்கரில் இரைவது நாட்டின் மொத்த மின்தொகுப்பு!

ஆர்மோனியத்தில் அஞ்சு கட்டையை அழுத்திப் பாருங்கள். நடு ஸ்தாயியில் அது சுமார் 392 அதிர்வு. ஸ்தாயி ஸ்தாயியாக இறங்கினால் 196, 98, 49. ஆகவே நம் மின்சாரத்தின் ரீங்காரம் அஞ்சு கட்டையை ஒட்டி, ஒரு பொடி மேலே நிற்கிறது. 50 கீழ் ஸட்ஜம் என்றால், 100 மேல் ஸட்ஜம். இந்த இரண்டில் எது கேட்கிறது என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது.

நம்மூரில் சாதாரணமாகப் போடுவது 12-0-12 ட்ரான்ஸ்பார்மர், இரண்டு டயோடு, ஒரு பெரிய கன்டென்சர். அலையின் ஒரு பாதியை ஒரு டயோடும் மறு பாதியை மற்றதும் அனுப்புகின்றன. அதனால் கன்டென்சருக்கு விநாடிக்கு 100 முறை தீனி கிடைக்கிறது. இரண்டு தீனிக்கு நடுவே ஐசிக்குச் சோறு போடுவது கன்டென்சர்தான். ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோ ஃபாரட் கன்டென்சரில் அழுத்தம் ஏறக்குறைய 2 வோல்ட் வரை இறங்கி ஏறும். கன்டென்சர் வற்றி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டால் 16 வோல்ட்டில் பாதிக்கு அருகே இறங்கிவிடும். அப்போது கேட்பது 100-இல் ஒரு கரகரப்பு. ஒரு டயோடு விட்டுப்போயிருந்தால் பாதி அலை வராது. இரைச்சல் 50-க்கு இறங்கும். சின்ன ஸ்பீக்கரால் 50-ஐ ஒழுங்காக எழுப்ப முடியாது, அதன் மேல் மடங்குகள்தான் வரும். ஆனாலும் பழகிய காது ஏமாறாது. வால்யூமைக் கூட்டினால் ரீங்காரமும் கூடுகிறதா? அப்படியானால் சப்ளையை விடுங்கள். உள்ளே வரும் வயரின் எர்த்தைப் பாருங்கள்.

கன்டென்சர் ஏன் வற்றுகிறது? அதற்குள் சுருட்டி வைத்திருப்பது அலுமினியத் தகடும் மின்பகு திரவத்தில் நனைந்த தாளும். தகட்டின் மேல் வளர்த்த ஆக்சைடு படலம்தான் உண்மையான காப்பு. ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர் அளவுக்கு மெல்லியது அது. சூட்டில் திரவம் மெல்ல மெல்ல வெளியேறும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய கன்டென்சர், 10 டிகிரி குறைய இரு மடங்கு உழைக்கும். 45 டிகிரியில் கணக்குப்படி 32,000 மணி நேரம். ஐசியின் ஹீட் சிங்கை ஒட்டி அதை நிறுத்தி வைப்பவர்கள் தாங்களே அதன் ஆயுளைக் கத்தரிக்கிறார்கள்.

ஒரு சுலபமான சோதனை: வால்யூமைக் குறைத்துப் பாட்டு ஓடும்போது சுவர் ஸ்விட்சை அணையுங்கள். நல்ல கன்டென்சர் என்றால் பாட்டு ஒரு கணம் இழுத்துத் தேயும். அந்த ஒரு கணத்தில் ரீங்காரம் இருக்காது. பாட்டும் இரைச்சலும் சேர்ந்து வெட்டினாற்போல நின்றால் கன்டென்சர் காலி.

12 வோல்ட் ட்ரான்ஸ்பார்மரில் மீட்டர் 16 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். 12 என்பது அலையின் பயன் அளவு, உச்சி 17. டயோடு 0.7-ஐ எடுத்துக்கொள்ளும். ஆனால் 4440 ஓடும்போது தாங்குவது 18 வோல்ட்தான். ஆகவே 15-0-15 போட்டால் பவர் கூடும் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் சுருதி உதவாது. அங்கே சீரியஸ் லேம்ப்தான் ராஜா. 60 வாட் குண்டு பல்பை 230 வோல்ட் வயரில் ஆம்பிளிஃபயருக்கு முன்னால் தொடராகக் கட்டுவார்கள். குளிர்ந்த இழையின் தடை 65 ஓம் போல இருக்கும், பிரகாசமாக எரியும்போது 880-ஐ நெருங்கும். ஸ்விட்ச் போட்டவுடன் காலிக் கன்டென்சர் இழுப்பதால் பல்பு ஒரு முறை மின்னி, பிறகு மங்கினால் உள்ளே எல்லாம் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பிளக்கை உருவிவிட்டு முதலில் ஐசி போர்டைக் கழற்றுங்கள், அடுத்து கன்டென்சர், அடுத்து டயோடுகள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, அதுதான் ஆள். பல்பு கட்டும் இடம் உயிரை எடுக்கும் மின்சாரம் ஓடுகிற இடம். பழகிய எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. குண்டு பல்பு கடையில் கண்ணில் பட்டால் நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.