சுவருக்குள் கடல்

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் எஞ்சி நிற்கும் பழைய பங்களாக்களை ‘வெள்ளைக்காரன் கட்டடம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவே வாசல், இருபுறமும் கணக்குப் பிசகாத ஜன்னல்கள், நெடிய தூண்கள். 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் லண்டனில் எழுந்த செங்கல் வீடுகளின் சாயல் இருப்பது உண்மைதான். 1658-இல் டச்சுக்காரரிடமும் 1825-இல் ஆங்கிலேயரிடமும் போன துறைமுகத்தில் அந்தச் சாயல் இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆனால் காரை பெயர்ந்த ஓரிடத்தில் உற்றுப் பாருங்கள். பல சுவர்களில் தெரிவது செங்கல் அல்ல. மேலெல்லாம் குட்டிப் பூக்களை அச்சுக் குத்தியதுபோல் குழிகள் விழுந்த வெளிறிய கல். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிர் குடியிருந்த இடம். மன்னார் வளைகுடாவில் வெட்டியெடுத்த முருகைக்கல் அது.

‘கல் எதுவானால் என்ன, வடிவம் அவர்களுடையதுதானே?’ என்று கேட்கலாம். லண்டன் வீட்டின் வடிவமே வானத்திலிருந்து குதித்ததல்ல. 1666 பெருந்தீக்குப் பிறகு மர வீடுகளுக்குத் தடை வந்தது. ஜன்னல் சட்டகம் சுவரின் முகப்பிலிருந்து உள்வாங்கியே இருக்கவேண்டும் என்று 1709-இல் சட்டம் போட்டார்கள். தீயும் களிமண்ணும் சேர்ந்து செய்த முகம் அது. இங்கே தீயைவிடப் பெரிய தொல்லை வெயிலும் உப்புக் காற்றும். அதனால் வராந்தா வந்தது, ஜன்னலுக்குச் சாய்பலகைக் கதவு வந்தது. செங்கல்லை வெறுமனே விட்டு அழகு பார்க்கலாம்; சொரசொரப்பான முருகைக்கல்லை அப்படி விட முடியாது. அங்கே செங்கல் அடுக்கில் விழுந்த நேர்கோட்டை, இங்கே கொத்தனார் கரணையால் சுண்ணாம்பில் இழுத்தார். சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டால் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்தால் சாந்து. ஆக, பூச்சும் பாதி கடல்தான். இது தெரியாமல் சிமெண்ட் பூசுகிறவர்கள் சுவரின் மூச்சை அடைக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே உறைந்து, கல்லைப் பொரித்துத் தள்ளுகிறது.

தீவுகளைக் கொன்று கட்டிய வீட்டுக்கு எதற்குப் பாராட்டு என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பவளம் வெட்டியதில் அலைக்குத் தடுப்பில்லாமல் போய், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் பவளம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இனி ஒரு முருகைக்கல்லும் கரைக்கு வராது, வரவும் கூடாது. அதனாலேயே, நிற்கும் சுவரை இடித்துக் குப்பையில் கொட்டுவது அந்தத் தீவுகளை இரண்டாம் முறை மூழ்கடிப்பதாகும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு கரையாமலிருக்க, கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறோம்.