அசையாத முள்

ஓலைத்தொடுவாய்க் கடற்கரையிலே அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மன்னார்த் தீவின் கரையோரச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. மணலும் பனையும் கடலுமே அவ்வூரின் செல்வம். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பர் ஒருவர் அம்மணலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்து வருகிறார். அன்று நானும் அவருடன் நடந்தேன்.

"மாஸ்டர், நல்லாய் மெலிஞ்சிட்டியள்" என்றேன். மகிழ்வார் என்று எண்ணினேன். அவர் மகிழவில்லை.

"அது பழைய கதை, தம்பி. ரெண்டு மாதமாய்த் தராசு முள்ளு அசையுதில்லை. அதே சாப்பாடு, அதே நடை. முள்ளு மட்டும் என்னோடை கோவிச்சுக்கொண்டு நிக்குது" என்றார்.

அவருடைய கதை இதுதான். நண்பரின் தமையனார் நீரிழிவு நோயினால் ஒரு பாதத்தை இழந்தவர். சென்ற ஆண்டு நண்பரின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், அவரும் அந்நோயின் வாசலிலே நிற்கிறார் என்றும், உடலின் நிறையைக் குறைத்தல் வேண்டும் என்றும் எச்சரித்தார். அன்று அவருடைய நிறை 84 கிலோ. நண்பர் தம் தந்தையாரை நினைத்துக்கொண்டார். கரைவலை இழுத்துப் பிழைத்த அம்மனிதர் இரண்டு வேளையே உண்டார். ஒருநாளும் தராசில் ஏறியதில்லை. முதுமை வரை கம்பு போல் நிமிர்ந்திருந்தார். மகனும் அவ்வழியையே பின்பற்றினார். நண்பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இரண்டு வேளை உணவு, எஞ்சிய 16 மணி நேரமும் நீரும் சீனியில்லாத தேநீரும் மாத்திரம், மாலையில் நடை. ஐந்து மாதங்களில் 84 கிலோ 77 ஆயிற்று. அதன் பின்னர் நின்றது நின்றதுதான்.

நின்ற முள்ளை அசைப்பதற்கு அவர் செய்த காரியந்தான் என்னைத் திடுக்கிடச் செய்தது. இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, ஒரு மணி நேர நடையை இரண்டு மணி நேரமாக்கினார். நான்காம் நாள் மணலிலே தலைசுற்றி வீழ்ந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம்.

"முப்பது வருசமாய்ப் பிள்ளையளுக்கு முயற்சியைப் பற்றிப் படிப்பிச்சனான். இப்ப நானே தவறிட்டன் எண்டு நினைக்க வெக்கமாய் இருக்கு" என்றார் நண்பர்.

அவர் தவறவில்லை. இதனை அவருக்கும் அவரைப் போன்ற பிறருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வொன்றின்படி, வளர்ந்தோருள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். ஆகவே இது ஓர் ஊரின் கதையன்று.

உபவாசம் மன்னாருக்குப் புதியதன்று. தவக்காலத்தில் கத்தோலிக்க மக்கள் ஒறுத்தல் செய்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலே றமழான் நோன்பு நோற்கிறார்கள். திருக்கேதீச்சரத்திலே சிவராத்திரி விரதம் இருக்கிறார்கள். இவ்விரதங்களின் நோக்கம் உள்ளத்தைப் பண்படுத்துதல்; நிறை குறைதல் அன்று. றமழான் மாதத்தில் உடல் நிறை எவ்வாறு மாறுகிறது என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சராசரியாகக் கிலோ ஒன்று, அல்லது சற்று மேலே குறைகிறது. நோன்பு முடிந்த சில வாரங்களில் அதிற் பெரும்பகுதி மீண்டும் வந்துவிடுகிறது. உடல் இழந்ததை மறப்பதில்லை என்பதற்கு இதுவே முதற் சான்று.

உபவாசம் தொடங்கிய முதல் வாரத்தில் முள் வேகமாக இறங்குவதைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். நம் ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கும். உண்ணாத வேளையில் அம்மாப்பொருள் செலவாகும்போது நீரும் உடன் வெளியேறுகிறது. முதலிற் குறைவது பெரும்பாலும் இந்நீரே. கொழுப்புக் கரைவது மெதுவான காரியம். அதற்கு முன்னே நீர் தந்த வேகத்தை அளவுகோலாகக் கொண்டவர், பின்னர் வரும் இயல்பான மெதுநடையையே தோல்வியென்று எண்ணிவிடுகிறார்.

சரி, அந்த மெதுநடையும் ஒருநாள் முற்றாக நின்றுவிடுவது ஏன்?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாச் சர்வகலாசாலையில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரிலே ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரிற் சேர மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு முன்வந்தார்கள். பஞ்சத்தால் நலிந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்பதை அறிவதே நோக்கம். 1945 பெப்ரவரியிலிருந்து 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை உணவே வழங்கப்பட்டது. அத்துடன் வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. இரண்டு வேளை உணவும் நெடுநடையும் என்றதும் என் நண்பரின் நியமம் நினைவுக்கு வரவில்லையா?

அவ்விளைஞர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். ஆயினும் அந்த இழப்பு ஒரே சீராக நிகழவில்லை. தொடக்கத்தில் விரைந்து இறங்கிய நிறை வரவர மெதுவாகி, இறுதி வாரங்களில் ஏறக்குறைய ஒரு மட்டத்தில் வந்து நின்றது. ஓய்வாகக் கிடக்கும்போது உடல் செலவிடும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. நாடி தளர்ந்தது, கைகால்கள் குளிர்ந்தன. உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பசித்த உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டு வரவை வேண்டி நின்றது. வருவாய் குறைந்த குடும்பம் செய்வதும் இதுவே.

நண்பரின் கணக்கையும் இவ்வாறே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோலும் அவருடைய குழுவினரும் கூறும் அளவின்படி, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அதிகமாகக் கேட்கிறது. நண்பர் இழந்தது ஏழு கிலோ. செலவில் 140 முதல் 210 கலோரி வரை குறைந்துவிட்டது; பசி இன்னும் 700 கலோரி தா என்று நாள்தோறும் வாசலில் நிற்கிறது. 84 கிலோ உடலைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே தூரத்தை 77 கிலோ உடலுடன் நடப்பதற்கும் முன்னிலும் குறைந்த சக்தியே போதும். ஆரம்பத்திற் பற்றாக்குறையாக இருந்த அதே உணவு, இன்று வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது. முள் நிற்கும் இடம் கணக்குச் சமன்பட்ட இடமேயன்றி வேறன்று.

பசி இவ்வாறு நச்சரிப்பதற்கும் காரணம் உண்டு. 1994ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஓமோன் கொழுப்பிலிருந்து சுரக்கிறது; சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. கொழுப்புக் குறையும்போது அதுவும் குறைகிறது. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்னும் பசி ஓமோன் கூடுகிறது. பிரியா சுமித்திரன் என்னும் ஆய்வாளரும் பிறரும் ஆஸ்திரேலியாவில் 50 பேரை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிறை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னரும் இம்மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதனை மன உறுதியின் குறை என்று எவர் சொல்லலாம்?

ஆயினும் கசப்பான உண்மை ஒன்றையும் மறைத்தலாகாது. எவ்வளவு முயன்றும் மெலியவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயோர்க்கில் ஆராய்ந்து 1992இல் எழுதினார்கள். அவர்கள் உண்மையில் உண்டதில் ஏறத்தாழப் பாதியைக் கணக்கிற் சொல்லவில்லை. செய்த உழைப்பையோ பாதிக்கு மேல் கூட்டிச் சொன்னார்கள். பொய்யுரைக்கவேண்டும் என்ற எண்ணத்தினால் அன்று, மறதியினால். நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ஊரின்ரை பேரிலேயே வாய் இருக்கு, தம்பி. அதை எப்பிடி மூடுறது?" என்றார். பின்னர், அயல்வீட்டில் மறுக்கமுடியாமற் குடிக்கும் சீனித் தேநீரையும், பின்னேரங்களிற் கொறிக்கும் கச்சானையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார்.

இனி, உபவாசத்துடன் தேகப்பயிற்சியையும் சேர்ப்பதனால் என்ன பயன்? சிக்காகோவில் சுரபி பூட்டானி, கிறிஸ்ரா வரடி முதலியோர் 64 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து 12 வாரங்கள் ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைக் காற்பங்காகச் சுருக்கியவர்கள் 3 கிலோ இழந்தனர். பயிற்சி மாத்திரம் செய்தவர்கள் 1 கிலோ. இரண்டையும் செய்தவர்கள் 6 கிலோ. சேர்க்கை நன்றே. ஆனால் உண்ணும் நேரத்திலே மந்திரம் ஒன்றும் இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேர் ஓராண்டு காலம் ஒரே அளவாகக் கலோரியைக் குறைத்து உண்டனர். காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மாத்திரம் உண்டவர்கள் 8 கிலோ இழந்தனர். நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ இழந்தனர். 2022இல் வெளியான அவ்வாய்வு, இவ்வேறுபாட்டைத் தற்செயலானதன்று என்று கொள்ளத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தது. கடிகாரம் ஒரு வசதி. உண்ணும் அளவே பொருள்.

நடையைக் கூட்டிக்கொண்டே போனால் நிறையும் குறைந்துகொண்டே போகும் என்பதும் சரியன்று. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஹேர்மன் பொன்ற்சர் என்பவரின் குழு ஆராய்ந்தது. 2012இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. நாளெல்லாம் அலையும் அம்மக்களும் மேலைநாட்டு நகரவாசிகளும், உடற்பருமனைக் கணக்கிற் கொண்டால், ஏறத்தாழ ஒரே அளவு சக்தியையே செலவிட்டனர். உழைப்பு மிகும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்று பொன்ற்சர் கருதுகிறார். அப்படியானால், கரைவலை இழுத்த நண்பரின் தந்தையார் மெலிந்திருந்ததற்கு உழைப்பு மாத்திரமன்றி, அன்று அவ்வீட்டு அடுப்பில் வெந்த உணவின் அளவும் தன்மையுங்கூடக் காரணமாய் இருந்திருக்க வேண்டும்.

அவ்வாறெனில் நடந்து என்ன பயன் என்று நண்பர் கேட்டார். நான் சொல்ல விரும்பிய செய்தி அவ்வினாவுக்கு விடையாகவே அமைந்தது.

சென்னையில் வைத்திய கலாநிதி அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை நடத்தி 2006இல் வெளியிட்டனர். அதிற் கலந்துகொண்ட 531 பேரும் என் நண்பரைப் போலவே நீரிழிவின் வாசலில் நின்றவர்கள். ஒரு சாராருக்கு வழக்கமான அறிவுரை; மற்றொரு சாராருக்கு நாளும் அரை மணி நேர நடையும், சீனியும் தீட்டிய மாவும் கொழுப்பும் குறைந்த உணவும் விதிக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளில் முதற் சாராருள் 55 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளர் ஆயினர். இரண்டாம் சாராருள் 39.3 சதவீதத்தினரே ஆயினர். வியப்பு யாதெனில், இரண்டாம் சாராரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. முள் அசையவில்லை, நோயோ விலகி நின்றது.

இதனால் நிறை குறைவது வீண் என்று கொள்ளற்க. அமெரிக்காவிலே 3234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட பேராய்வில், நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்காக விதிக்கப்பட்டன. நீரிழிவு தோன்றும் வீதம் 58 சதவீதம் குறைந்தது. நண்பர் இழந்த ஏழு கிலோ அவருடைய நிறையில் 8 சதவீதத்துக்கும் மேலாகும். அந்த இலக்கை அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார்! தாண்டியவர் தோற்றேன் என்று வருந்திக்கொண்டிருந்தார்.

முள் நின்றவர் செய்யத்தக்கவை சில உண்டு. ஒரு வாரம் உண்பன யாவற்றையும், தேநீர் உட்பட, எழுதிவைத்தல். மீன், பயறு, கடலை போன்ற புரத உணவைக் குறையாது கொள்ளுதல். தசை கரையாதிருக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சியைச் சேர்த்தல். போதிய உறக்கம் கொள்ளுதல். தராசை மாத்திரம் நம்பாது இடுப்பின் சுற்றளவையும் அளத்தல். தசை கூடிக் கொழுப்புக் குறையும்போது தராசு மௌனம் சாதிக்கும்; அளவுநாடா உண்மையைச் சொல்லும். செய்யத்தகாதது ஒன்றே: பசிக்கு மேற் பசியையும் களைப்புக்கு மேற் களைப்பையும் சுமத்துதல். சிறப்பாக, இன்சுலின் ஊசியோ நீரிழிவுக் குளிசைகளோ பயன்படுத்துவோர் வைத்தியரைக் கேளாது உபவாசம் இருத்தல் ஆபத்தானது. குருதியில் வெல்லம் திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே கேடு விளையலாம்.

திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே பட்டினியைப் போற்றவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதையே வற்புறுத்துகிறார்.

நாங்கள் திரும்பியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படலையைத் திறந்தபடி, "அப்ப, நாளைக்கும் ஒரு மணித்தியாலந்தானே?" என்றார்.

"ஒரு மணித்தியாலந்தான், மாஸ்டர்" என்றேன்.

"தராசு?"

"அதை ஒரு மாதத்துக்கு அலுமாரிக்கு மேலை வையுங்கோ. அடுத்த மாதம் இரத்தத்தைச் சோதிச்சுப் போட்டுப் பேசுவம்."

அவர் தலையசைத்தார். உள்ளே இரண்டாம் வேளை உணவு காத்திருந்தது. தவிட்டரிசிப் புட்டும் மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் அளவாக இருந்தன. மனக்குறையின்றி அவர் உண்டதைப் பார்த்திருந்துவிட்டு நான் விடைபெற்றேன்.