அட்டையில் எழுதாத கர்ப்பம்

போன மாதம் வந்த அந்தக் குழந்தைக்கு நாலாம் நாள். உள்ளங்கால் வரை மஞ்சள். பாட்டி துணியைப் பிரித்ததும் உடம்பை வில்லாக வளைத்தது. அழுகை கீச்சென்று இருந்தது. முந்தைய நாளிலிருந்தே பால் குடிக்கவில்லை. "பொறந்த மறுநாளே கண்ணு மஞ்சளாத்தான் இருந்துச்சு டாக்டர். காலை வெயில்ல காட்டிட்டு இருந்தோம்" என்றார் பாட்டி.

தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்குப் பாசிட்டிவ். தாயின் கர்ப்பகால அட்டையில் 'முதல் கர்ப்பம்' என்றிருந்தது. முதல் கர்ப்பத்தில் காமாலை இவ்வளவு கடுமையாக வருவது அரிது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தாயிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில் நாலு மாதக் கருவை, கடையில் மாத்திரை வாங்கிக் கலைத்திருக்கிறார். அதன்பின் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போடவில்லை. ஊசி உண்டென்றே அவருக்குத் தெரியாது.

அன்றிரவு ரத்தம் மாற்றினோம். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 240 மில்லி ரத்தம்தான், ஒரு டம்ளர் அளவு. தொப்புள் வழியே செருகிய குழாயில் 10 மில்லி எடுப்பது, 10 மில்லி கொடுப்பது. நர்ஸ் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தார். உயிர் தப்பிவிட்டது. காது கேட்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

'முதல் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?'

பெரும்பாலும் ஆகாது. பிரசவத்திலோ கரு கலையும்போதோ குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. அடி விழுவது அடுத்த பிள்ளைக்கு. அதனால்தான் கலைந்த கர்ப்பத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம்.

தாய் 'ஓ', குழந்தை 'ஏ' அல்லது 'பி' என்றாலும் காமாலை கூடலாம். அது முதல் பிள்ளைக்கே வரலாம். பெரும்பாலும் நீல விளக்கிலேயே அடங்கிவிடும்.

வெயில், கீழாநெல்லி, கழுதைப்பால்

வெளிச்சம் காமாலையைக் குறைக்கும் என்பது உண்மைதான். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டில், குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப்போன ஒரு செவிலியர் கவனித்துச் சொன்னதில் பிறந்ததுதான் இன்றைய விளக்குச் சிகிச்சை. ஆனால் அந்த ஒளி வெற்றுடம்பில் மணிக்கணக்காகப் பட வேண்டும். துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலில் பத்து நிமிடம் உட்கார்வதால் என்ன ஆகும்? உள்ளே ரத்த அணுக்கள் நொறுங்கிக்கொண்டே இருக்கின்றன. உடைந்து வரும் மஞ்சள் மூளையில் படிந்துவிட்டால் எந்த மருந்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

கீழாநெல்லிச் சாறு இந்த ரத்த உடைவை நிறுத்தாது. தெருவில் கறந்து சங்கில் புகட்டும் கழுதைப்பால் கிருமியைத்தான் கொடுக்கும். சர்க்கரைத் தண்ணீரோ தாய்ப்பால் இருக்க வேண்டிய வயிற்றை அடைத்துக் காமாலையைக் கூட்டும். எத்தனை முறை சொல்வது? பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அது சாதாரணக் காமாலை இல்லை. உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பெண் நெகட்டிவ் என்றால் சம்பந்தம் வேண்டாமா?

இதற்காக நிச்சயதார்த்தத்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கொதிக்கிறது. நம் நாட்டில் நூறில் சுமார் ஐந்து பேர் நெகட்டிவ். அது நோயல்ல. இருவருக்கும் ஒரே குரூப் என்றால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்பதும் பொய். மனைவிக்குக் கணவரின் ரத்தத்தையே ஏற்றச் சொல்லி வற்புறுத்துகிறவர்களும் உண்டு. இனி பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கு அதை ஏற்றுவதில்லை. அவர் வழியாகப் பிள்ளைக்கு வரும் கூறுகளுக்கு எதிராக அவள் உடல் முன்பே தயாராகிவிடக்கூடும்.

72 மணி நேரம்

1968இல் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன், பாசிட்டிவ் பிள்ளை பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் ஏறக்குறைய நூற்றுக்கு 16 பேரின் உடலில் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிர்ப்பு உருவானது. இப்போது 28ஆம் வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று போட்டுவிட்டால், அது மிக மிக அரிதாகிவிடுகிறது. எதிர்ப்பு உருவான பிறகு போட்டால் பயனில்லை. இந்த மருந்து மனிதர்கள் தரும் பிளாஸ்மாவிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார்.

தாயின் ரத்தத்தில் எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று பார்க்கும் ஐசிடி, குழந்தைக்கு ரத்த குரூப், அந்த எதிர்ப்பு குழந்தையின் ரத்த அணுக்களில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டிசிடி, மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின்: பரிசோதனைகள் இவ்வளவுதான்.

அம்மா, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நெகட்டிவ் என்றால் கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்காதீர்கள். கரு தானாகக் கலைந்தாலும், வயிற்றில் அடிபட்டாலும், நடுவில் ரத்தம் பட்டாலும் அன்றைக்கே வாருங்கள். ஊசி தேவையா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். அட்டையில் எழுத வேண்டாம் என்றாலும் சரி, சொல்லிவிடுங்கள்.