கட்டைக்காலில் நின்று வேலை செய்தவர்கள்

திருவிழாவிலே பொய்க்கால் குதிரை ஆடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கொற்றவை ஆடிய மரக்காலாடலைச் சிலப்பதிகாரமும் சொல்கிறது. நமக்குக் கட்டைக்கால் என்றால் ஆட்டம்தான். ஆனால் அதையே காலில் கட்டிக்கொண்டு, விடிஞ்சதிலிருந்து பொழுது சாயும் வரை வேலை பார்த்த ஜனங்களும் இருந்தார்கள்.

பிரான்சின் தென்மேற்கிலே லாந்து என்றொரு பகுதி. மேடு பள்ளம் இல்லாத சமதரை. மாரி காலத்தில் தண்ணீர் வடிய வழியில்லாமல் சேறாகிக் கிடக்கும். ஆட்டு இடையர்கள் மூன்று நான்கு அடி உயரக் கட்டையைக் காலிலே வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். கால் நனையாது, புதர் கீறாது, தூரத்திலே மேயும் ஆடும் கண்ணுக்குத் தெரியும். கையிலே நீளமான கம்பு ஒன்று. அதைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்தால் நாற்காலி மாதிரி. அப்படியே இருந்து கம்பளி நூலில் காலுறை பின்னுவார்களாம், ஆண்கள்தான்! அந்தப் பகுதி ரொட்டிக்காரர் ஒருவர், சில்வேன் டோர்னோன், 1891இல் பாரிசிலிருந்து மொஸ்கோ வரை கட்டைக்காலிலேயே நடந்து போனார்.

இந்த வழக்கம் மறைந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. 1857இல் ஒரு சட்டம் வந்தது. நீரை வடித்து, நம் மலைகளிலும் காண்கிற பைனஸ் இனத்து மரங்களை நடச் சொன்னது. பொது மேய்ச்சல் நிலம் பல இடங்களில் விலைபோய்த் தனியார் கைக்குப் போனது. ஆடு மேய்த்தவர்களுக்கு நிலம் இல்லை. பலர் அதே மரங்களில் பால் எடுக்கும் கூலிகளானார்கள். காடு வெட்டிக் கோப்பி போட்ட கதை தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலும் பியருக்குப் போடும் ஹொப்ஸ் கொடி படர, உயரக் கம்பியிலே நூல் கட்ட ஆட்கள் கட்டைக்காலில் நடந்தார்கள்.

இன்று அலுமினியக் கட்டைக்கால் இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சீலிங் பூசுகிறவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். ஏணியை நகர்த்தி நகர்த்தி ஏற வேண்டாம், இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். ஆபத்தும் உண்டு. கால் கட்டப்பட்டிருப்பதால் தடுக்கினால் குதித்துத் தப்ப முடியாது. தரையிலே கிடக்கும் ஒரு வயர் துண்டே போதும். இடுப்பளவு கைப்பிடி அப்போது முழங்காலுக்கு வந்துவிடும். அதனாலே, கட்டை எத்தனை அடியோ அத்தனை அடி கைப்பிடியையும் உயர்த்த வேண்டும் என்று அமெரிக்கக் கட்டிட வேலை விதி சொல்கிறது. உயர்த்திக் கொடுக்க வேண்டியது வேலை கொடுக்கிறவர், தொழிலாளி அல்ல.