உங்களுக்குத் தெரியுமா? ஆய்வாளர் எந்த ஊர், எங்கே படித்தவர்?

● கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். உலக அரசியல் அறிவியலுக்குள் இந்த வட்டாரம் நுழைந்ததோ 1960-லேயே, பழைய தென்னாற்காடாக. 1952 தேர்தலில் தென்னாற்காட்டு ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், வடாற்காட்டு மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. சாதி தேய்ந்தால்தான் ஜனநாயகம் வளரும் என்று மேலைநாட்டு வகுப்பறைகள் நம்பிய காலம் அது. ஹார்வர்டில் படித்த லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் இந்த இரு கட்சிகளுக்கும் பின்னிருந்த வன்னியர் சங்கத்தை முக்கியச் சான்றாக வைத்து, சாதிச் சங்கமே எளிய மக்களை ஓட்டரசியலுக்குள் அழைத்து வரும் என்று அந்த 1960-இல் எழுதினார்கள்.

● அதே தம்பதி 1950-களில் சென்னை மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். ஒருவரைத் தனியே உட்காரவைத்து அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்பது அமெரிக்க முறை. நம் ஊரில் அது நடக்குமா? வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடிவிடுவார்கள். குறை கேள்வித்தாளோடு நிற்கவில்லை, தாங்கள் கற்றுவந்த ‘தனிமனிதர்’ என்ற கருத்திலேயே இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். பிற்பாடு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்கே தலைவரான சூசன், அந்த மேடையில் இதையே பேசினார். தமிழ்நாட்டுத் திண்ணை அமெரிக்கத் துறைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்றே இதைச் சொல்வேன்.

● நாடார்களைப் பற்றி 1969-இல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ், திராவிட இயக்கத்தைப் பற்றி 1976-இல் எழுதிய மார்கரீட் ராஸ் பார்னெட் இருவருமே சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ருடால்ஃப் தம்பதி 1964 முதல் பேராசிரியர்களாக இருந்த இடமும் அதுதான். பார்னெட் கறுப்பினத்தவர், அதே 1976-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான அரசுக் கொள்கை பற்றிய நூலுக்கும் இணைப்பதிப்பாசிரியர்.

● தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

● காங்கிரஸை மையமாகக் கொண்ட கட்சி முறையை டெல்லியிலிருந்து ரஜனி கோத்தாரி விளக்கியது 1964-இல். மூன்றே ஆண்டுகளில் சென்னையில் தி.மு.க. ஆட்சி!

● இனி கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வருவோம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து அரசு கைக்கு முழுமையாக வந்தது 1976-இல். சுதந்திர நாட்டுக்குள் இத்தனை காலம் நீடித்த ஜாகீர் ஆட்சி எந்தப் பாடநூலிலும் ஓர் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதுதான் வெளியூரில் பலருக்கும் இது தெரிந்தது.

● அரசுக்குப் பிடிகொடுக்காமல் மலையேறிய மக்களைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்காட் 2009-இல் புகழ்பெற்ற நூல் எழுதினார். அவர் பணியாற்றிய களம் தென்கிழக்காசியா. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தங்கள் வழிவழிக் கதையில் சொல்லும் நம் மலையாளிப் பழங்குடியினர் அவர் வரைந்த எல்லைக்கு வெளியே.

● 1976-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களே, வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் போங்கள். ஜாகீர்தாருக்கு என்ன வரி கட்டினார்கள், முதல் ஓட்டு எப்போது போட்டார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள்.