லீக்கில் 6, நாக் அவுட்டில் 4... ஹர்மன்பிரீத் சிங்கின் 10 கோல்கள் சொல்வது என்ன?

லீக் சுற்றில் கலக்கும் ஸ்டார் வீரர், நாக் அவுட் வந்ததும் காணாம போயிடுவார் என்பது ரசிகர்களின் வழக்கமான புலம்பல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் எப்படி?

லீக்: 5 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 10 கோல். அவருடையது 6.

நாக் அவுட்: 3 ஆட்டங்களில் 5 கோல். அவருடையது 4. ஸ்பெயினை 2-1 என வென்ற வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இரண்டுமே அவர் அடித்ததுதான்.

அதாவது, அணியின் கோல்களில் அவர் பங்கு 60 சதவீதத்திலிருந்து 80 ஆக எகிறியது.

ஆனா, கோல் கணக்கு மட்டும் போதாது. பிரிட்டனுடனான காலிறுதியில் பெரும்பகுதி 10 பேருடன் ஆடி 1-1 என சமன் செய்த இந்தியாவை, ஷூட் அவுட்டில் கரைசேர்த்தது கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். கோல் பட்டியலில் அவர் பெயர் இருக்காது!