வாய்வழித் துப்பாக்கி: சுடுவது பாதி, கழுவுவது பாதி

வாய்வழித் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. மருந்து, துணி, ஈயக் குண்டு ஆகியவை குழலின் முன்வாய் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. இடிகோல் அவற்றை அடிவரை தள்ளுகிறது. குழலின் பின்பக்கத்துச் சிறு துளை வழியே நெருப்பு உள்ளே போகிறது. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்பதும் இலங்கையில் இடியன் துவக்கு என்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்பு லயத்துக்குப் பின்னால் முழங்கிய மூங்கில் பீரங்கிக்கும் பின்துளையில்தான் நெருப்பு வைத்தார்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களின் நெற்றி விளக்குக்கு வாங்கிய கார்பைடு கல்லே அந்தப் பீரங்கிக்கும் மருந்தாயிற்று. கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு எழும். அது காற்றோடு கலந்து வெடிக்கும். அதில் குண்டு இல்லை, சத்தம் மட்டுமே. சத்தம் போதவில்லை என்று மூங்கிலை விட்டு இரும்புக் குழாய்க்கு மாறியவர்கள் விரல்களையும் கண்களையும் இழந்திருக்கிறார்கள். மூங்கில் பிளந்தால் சிம்பு பறக்கும், இரும்பு பிளந்தால் துண்டு பறக்கும் என்ற வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

துப்பாக்கி செய்யும் கைத்தொழில் இந்த மாநில மக்களின் முன்னோர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் சுமத்திராவின் மினாங்கபாவ் வழிவந்தவர்கள். 1783இல் சுமத்திராவின் வரலாற்றை எழுதி வெளியிட்ட வில்லியம் மார்ஸ்டன், மினாங்கபாவ் கொல்லர்கள் துப்பாக்கிக் குழல் செய்யும் முறையையும் பதிவு செய்தார். தட்டையான இரும்புப் பட்டையை ஒரு கம்பியின் மேல் திருகுச் சுற்றாகச் சுற்றி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை அடிப்பார்கள். பட்டையை நீளவாக்கில் மடித்து ஒட்டும் முறையைவிட இது வலுவானது என்பது அவர் கணிப்பு. நீள ஒட்டு பிரிந்தால் குழல் ஒரேயடியாக வாய் பிளந்துவிடும். திருகு ஒட்டில் அழுத்தம் சுற்றிச் சுற்றிப் பரவுகிறது. அவர்களுடைய வெடிமருந்தை மார்ஸ்டன் பாராட்டவில்லை. மருந்து மலிவாகக் கிடைத்தாலும் வேகம் குறைவு என்றும், கலவை விகிதமோ குருணையாக்கும் பக்குவமோ சரியில்லை என்றும் எழுதினார்.

அந்தத் துப்பாக்கியின் பெயர் இஸ்திங்கார். எரியும் திரியைக் கவ்விய ஒரு கொக்கி, விசையை இழுத்ததும் மருந்துக் கிண்ணத்தின் மேல் விழும். மழை பெய்தால் திரி அணைந்துவிடும்; இருட்டில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் சக்கிமுக்கிக் கல் வந்து திரியை ஒழித்தது. ஆனால் கல்லிலும் கிண்ணத்தில் முதலில் ஒரு பளிச்சும் புகையும் எழுந்து, அதற்குப் பிறகே குழல் வெடிக்கும். அந்த இடைவெளியில் வாத்துகள் பறந்துவிடுவதைக் கண்டு அலுத்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததுதான் சிறு செப்புத் தொப்பி போன்ற கேப். இன்று பயிலத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேப் வகையில்தான் தொடங்குகிறார்கள். திரியும் கல்லும் கை பழகிய பிறகு வரவேண்டியவை.

இந்த ஆயுதத்தின் பெரிய குறை அதன் நிதானம். தேர்ந்த சிப்பாயாலும் நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சுடுவது கடினம். திடீர்த் தாக்குதலில் இந்த நிதானம் உயிரையே வாங்கும். சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் வழியிலுள்ள புக்கிட் பூத்துஸ் கணவாயில் 1875 டிசம்பர் 20 அன்று பிரிட்டிஷ் கேப்டன் சானர் என்பவர் கூர்க்காப் படையுடன் ஒரு மரக்கோட்டையைப் பிடித்தார். உள்ளே இருந்தவர்கள் காவல் வைக்காமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேலிக்குள் குதித்து, பல முறை தொடர்ந்து சுடும் ரிவால்வரால் எதிர்ப்பட்ட முதல் ஆளைச் சுட்டார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது. அப்படிப்பட்ட திடீர்த் தாக்குதலில் எதிராளியிடம் இருப்பது வாய்வழித் துப்பாக்கி என்றால், ஏற்கெனவே நிரப்பி வைத்த ஒரே வெடிதான் மிச்சம். கணவாயின் ஈரக்காற்றில் நிரப்பி வைத்த மருந்தை நம்பவும் முடியாது.

பயிற்சியில் முதல் பாடம் இடிகோல். வெறுங்குழலில் அதை இறக்கி, குழல்வாய்க்கு நேராக ஒரு கோடு போடவேண்டும். சரியாக நிரப்பிய பிறகு இரண்டாவது கோடு. இந்த இரண்டு கோடுகளும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எப்போதும் சொல்லும். அடுத்து, வெறுங்குழலில் ஒரு கேப்பை மட்டும் வெடித்து, துளையில் தங்கிய எண்ணெயை ஊதித் தள்ளவேண்டும். மருந்தை அளவுக் குவளையில் அளந்துதான் ஊற்றலாம். குப்பியை நேராகக் குழல்வாயில் கவிழ்க்கக்கூடாது. முந்தைய வெடியின் ஒரு கங்கு உள்ளே தங்கியிருந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும். பிறகு கொழுப்பு தடவிய துணியில் பொதிந்த ஈயக் குண்டு. அது மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர்ந்திருக்க வேண்டும். நடுவழியில் நின்றுபோன குண்டு குழலை வீங்கவைக்கும், சில வேளைகளில் பிளக்கவும் வைக்கும். இடிகோலின் இரண்டாவது கோடு இதைத்தான் காவல் காக்கிறது. கேப் கடைசியில்தான், அதுவும் குழல் இலக்கை நோக்கி இருக்கும்போது மட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

இந்தத் துப்பாக்கியில் கருமருந்தைத் தவிர வேறெதையும் போடக்கூடாது. 1884இல் பிரான்சில் பால் வியெய் உருவாக்கிய புகையில்லா மருந்தும் அதன் வழித்தோன்றல்களும் பழைய மென்மையான குழல் தாங்காத அழுத்தத்தைத் தருபவை. கருமருந்து என நினைத்து அதை ஊற்றியவரின் கதை ஒரே வெடியில் முடிந்துவிடும்.

கருமருந்தின் விசித்திரம் வெடித்த பிறகே தொடங்குகிறது. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் அமைந்த அந்தத் தூள் எரியும்போது, எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மீதமுள்ள சுமார் 56 விழுக்காடு திடப்பொருள். வெண்புகையாகப் பறப்பதும் குழலுக்குள் கருஞ்சேறாகப் படிவதும் அதுதான். அதில் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு ஆகிய உப்புகள் இருக்கின்றன. சமையலறையில் மூடாமல் விட்ட உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்விடுவது போல, இந்தப் படிவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நாட்டில், மாலை சுட்டுவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த குழலுக்குள் விடிவதற்குள் செந்துரு பூத்துவிடும்.

இதற்கு மருந்து தண்ணீர். இரும்புக்குப் பகை என்று எல்லோரும் நினைக்கும் அதே தண்ணீர்தான். உப்புகள் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். இன்றைய துப்பாக்கிகளுக்கான பெட்ரோலிய எண்ணெயைப் படிவின் மேல் பூசினால் இரண்டும் சேர்ந்து தார் போல் இறுகிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, கேப் அமரும் முனையைத் திருகி எடுத்து, பின்பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்துகிறார்கள். இடிகோலில் இறுக்கமாகத் துணி சுற்றி மேலும் கீழும் இழுக்கும்போது, பின்துளை வழியே தண்ணீர் பம்புபோல் உள்ளே ஏறி இறங்கும். முதல் வாளி மை போல் கறுக்கும். சல்பைடு தண்ணீரில் கரைவதால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இரண்டாவது வாளி சாம்பல் நிறம். தண்ணீர் தெளியும்வரை இது தொடரும்.

கொதிநீர்தான் நல்லது என்பது பழைய கட்சி: குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும் என்பது அவர்கள் நியாயம். ஆனால் உலரும் அந்தச் சில நொடிகளிலேயே மெல்லிய செம்பூச்சு ஒன்று படிவதைக் கண்ட மற்றவர்கள், வெதுவெதுப்பான நீரே போதும் என்கிறார்கள். ஈரநாட்டில் இரண்டாவது கட்சியே சரி. எப்படியும் அடுத்த வேலை துணியால் துடைத்து உலர்த்துவதுதான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்த பிறகுதான் எண்ணெய். மறுநாள் காலை இன்னொரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பார்ப்பது கடைசிச் சோதனை. அதில் பழுப்புக் கறை வந்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

பழைய துப்பாக்கிகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் பல இடங்களில் வெளிப்புறப் பித்தளை பளபளக்கிறது. குழலுக்குள் யாரும் விளக்கு அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். திருகு ஒட்டின் வரிகள் அந்தப் பெயின்டுக்கு அடியில் மறைந்துவிட்டால், மினாங்கபாவ் கொல்லரின் வேலை எது, ஐரோப்பியப் பட்டறையின் வேலை எது என்று பிரித்தறிய உதவும் ஒரு தடயம் போய்விடும்.

மலேசியாவில் இதை வீட்டில் பயில முடியாது. செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றி சுடுவோர் வைத்திருப்பது உரிமம் பெற்ற, தோட்டா போடும் துப்பாக்கி. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கையால் செய்த துப்பாக்கிக்கும் விலக்கில்லை. வாய்வழித் துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டாக நடப்பது வெளிநாடுகளில்தான். அதற்கான சர்வதேச அமைப்பும் உலகப் போட்டிகளும் இருக்கின்றன.

தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணிலிருந்து கிடைத்தால் முதலில் செய்யவேண்டியது, அதைக் கையில் எடுக்காமல் இருப்பது. ஈரம் படாத கருமருந்து நூறாண்டு ஆனாலும் வீரியம் இழப்பதில்லை. நிரப்பியபடியே மறந்துபோன குழல்கள் பல நாடுகளில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அதை அசைக்காமல் விட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பவேண்டும். இடிகோலை இறக்கிப் பார்ப்பது அதன் பிறகு, அந்த வேலை தெரிந்தவர் செய்யவேண்டியது.